நடுவரை மறுக்கும் பத்து விநாடிகள்

ரக்பி லீக் ஆட்டத்தின் சர்வதேச விதிநூல், ஆட்டக்காரர் செய்யக்கூடாத ஒழுங்கீனங்களை வரிசைப்படுத்தும் பிரிவில், எதிராளியை உதைப்பது, இடறிவிடுவது, ஆபாசமாகப் பேசுவது ஆகியவற்றோடு நடுவரின் தீர்ப்பை மறுத்து வாதிடுவதையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய தொடரும் 'என்ஆர்எல்' என்று சுருக்கமாக அழைக்கப்படுவதுமான ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக், 2020 முதல், நடுவரின் தீர்ப்பு தவறு என்று ஆட்டத்தின் நடுவிலேயே சொல்லும் உரிமையை ஒவ்வோர் அணியின் கேப்டனுக்கும் விதியாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரே செயல் ஒருவர் செய்தால் குற்றமாகவும் இன்னொருவர் குறித்த நேரத்தில் குறித்த முறையில் செய்தால் உரிமையாகவும் ஆகிவிட்ட இந்த மாற்றத்தை, தொழில்நுட்பம் கொண்டுவந்த முன்னேற்றமாக மட்டும் பார்ப்பது போதாது. தகராறு பிறக்கும் இடங்களில் எவற்றை அந்த உரிமை எட்டுகிறது, எவற்றை எட்டாமல் விடுகிறது என்று பார்த்தால்தான் கொடுக்கப்பட்டதன் அளவு விளங்கும்.

ரக்பி என்றவுடன் தமிழ் வாசகரின் நினைவுக்கு வரக்கூடியது, இலங்கையிலும் கணிசமான ரசிகர்களைக் கொண்ட, அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். ரக்பி லீக் அதிலிருந்து பிரிந்த தனி ஆட்டம். வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு அந்த நாளின் கூலியை ஈடுசெய்யலாமா கூடாதா என்ற பூசல் முற்றி, 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரில், ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிக் கழகங்கள் தனியே ஒரு சங்கம் கண்டதில் அது பிறந்தது. 1906-இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்று ஆனது. 1908-இல் சிட்னியில் தொடர் தொடங்கியது. இன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களிலும் பாப்புவா நியூ கினியிலும் அதுவே மக்களின் ஆட்டம். மேட்டுக்குடிக் கழகங்களின் அதிகாரத்தை மறுத்துப் பிறந்த ஆட்டத்தில் நடுவரின் அதிகாரத்தை மறுப்பவர்கள் மிகுந்திருப்பது இயல்புதானே என்று சொல்லத் தோன்றும். அது கவர்ச்சியான விளக்கம். ஆயினும் காரணத்தைப் பரம்பரையில் தேடுவதைவிட ஆட்டத்தின் அமைப்பில் தேடுவதே பொருத்தம்.

பந்து வைத்திருப்பவரைக் கபடியில் ரெய்டரை மடக்குவது போல எதிரணியினர் இரண்டு மூன்று பேராகப் பிடித்து வீழ்த்துவது 'டேக்கிள்' எனப்படும். வீழ்த்தப்பட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடர்வது 'பிளே-தி-பால்'. ஓர் அணிக்கு இவ்வாறு ஆறு டேக்கிள்கள் வரையே பந்து சொந்தம். அதற்குள் எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தி, நான்கு புள்ளி பெற்றுத்தரும் 'ட்ரை'யை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து கைமாறும். எண்பது நிமிட ஆட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட தடவை இந்தச் சடங்கு நிகழ்கிறது. ஒவ்வொரு தடவையும் பிடித்தவர் உரிய நேரத்தில் விலகினாரா, வேண்டுமென்றே மேலே படுத்துக்கிடந்தாரா, பந்து தவறி விழுந்ததா பிடுங்கப்பட்டதா, தடுக்கும் அணியின் வரிசை பத்து மீட்டர் பின்வாங்கி நின்றதா என்று நடுவர் ஓரிரு விநாடிகளில் முடிவுகட்ட வேண்டும். பிடித்தவர் அரை விநாடி கூடுதலாகப் படுத்திருந்தால் எதிரணியின் வேகம் குறையும் என்பதால் எல்லா அணிகளும் அந்த அரை விநாடியைத் திருடவே பயிற்சி பெறுகின்றன. அத்தனை திருட்டையும் தண்டித்தால் ஆட்டமே நடக்காது என்பதால் நடுவர் சிலவற்றை விட்டு சிலவற்றைப் பிடிக்கிறார். ஆகவே, 'அவர்களும் அதைத்தானே செய்தார்கள்' என்ற ஆட்டக்காரரின் முறையீடு பெரும்பாலும் உண்மையாகவே இருந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்பதற்கு ஒரு விடை உண்டு. இங்கே எழும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு விடை ஒருவரின் மதிப்பீடாக மட்டுமே இருக்க முடியும்.

நடுவர் என்ற ஒருவர் இல்லாமலேயே ரக்பி ஆடப்பட்ட காலம் இருந்தது என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். ரக்பி பள்ளி மாணவர்கள் 1845-இல் எழுதிய விதிகளும், 1871-இல் உருவான ரக்பி கால்பந்து ஒன்றியத்தின் முதல் விதிகளும், களத்தில் எழும் தகராறுகளைத் தீர்க்கும் முழு அதிகாரத்தை இரு அணிகளின் கேப்டன்களிடமே விட்டிருந்தன. ஆட்டம் பள்ளி வளாகத்தைத் தாண்டி, கட்டணம் செலுத்திப் பார்க்கும் கூட்டத்தின் முன்னும் கோப்பைக்காகவும் ஆடப்படத் தொடங்கியபோது இரு கனவான்களின் பேச்சுவார்த்தை பயன்படாமல் போயிற்று. முதலில் இரு தரப்பு அம்பயர்களும், பின்னர் 1880-களில் விசில் பிடித்த நடுவரும் களத்துக்கு வந்தனர். கேப்டனிடமிருந்து நடுவருக்குப் போன அதிகாரத்தின் சிறு துண்டு ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கேப்டனிடமே திரும்பியிருப்பதை, இந்த வரலாறு தெரிந்தவர்கள் அத்தனை புதுமையாகக் கருதமாட்டார்கள்.

கோப்பையில் வார்க்கப்பட்ட மனக்குறை

தகராறு இந்த ஆட்டத்தில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு என்ஆர்எல் வெற்றிக்கோப்பையைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1963 ஆகஸ்ட் 24 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில், மழையில் சேறாகிப்போன தரையில், செயின்ட் ஜார்ஜ் அணி வெஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியை 8-3 என்ற கணக்கில் வென்றது. 1956 தொடங்கித் தொடர்ச்சியாக அந்த அணி வென்ற பதினொரு பட்டங்களில் அது எட்டாவது. ஆட்டம் முடிந்ததும், நெடிய உருவமான செயின்ட் ஜார்ஜ் கேப்டன் நார்ம் ப்ரோவனும் குள்ளமான எதிரணிக் கேப்டன் ஆர்தர் சம்மன்ஸும் உடல் முழுக்கச் சேறு அப்பிய நிலையில் ஒருவரையொருவர் பற்றி நின்றதை ஜான் ஓ'கிரெடி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் படமெடுத்தார். பகைமையை ஆட்டத்தோடு விட்டுவிட்டுத் தழுவிக்கொள்ளும் தோழமையின் சின்னமாக அந்தப் படம் புகழ்பெற்று, 1982 முதல் வெற்றிக்கோப்பையின் மேல் சிலையாக வார்க்கப்பட்டது. 2013-இல் அந்த இருவரின் பெயரே கோப்பைக்குச் சூட்டப்பட்டது.

அந்தக் கணத்தில் நடந்தது வேறு என்று சம்மன்ஸே பிற்காலத்தில் சொன்னார். ப்ரோவன் வழக்கப்படி மேற்சட்டையை மாற்றிக்கொள்ளக் கேட்டபோது, நடுவர் டார்சி லாலரின் தீர்ப்புகளால் கொதித்துப் போயிருந்த சம்மன்ஸ் அதை மறுத்துக்கொண்டிருந்தார். செயின்ட் ஜார்ஜின் ஜானி கிங் தடுத்து வீழ்த்தப்பட்டுவிட்டார் என்று எண்ணி வெஸ்டர்ன் சபர்ப்ஸ் (சுருக்கமாக வெஸ்ட்ஸ்) வீரர்கள் தளர்ந்து நின்ற வேளையில், அவர் எழுந்து ஓடிப் போட்ட ட்ரையை லாலர் ஏற்றுக்கொண்டதே அந்தக் கசப்பின் மையம். நடுவர் எதிரணி மீது பந்தயம் கட்டியிருந்தார் என்ற குற்றச்சாட்டையும் வெஸ்ட்ஸ் ஆட்டக்காரர்கள் கடைசிவரை பேசிவந்தார்கள். அது எந்த விசாரணையிலும் மெய்ப்பிக்கப்பட்டதில்லை. ஆண்டுதோறும் பட்டம் வெல்லும் அணி தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கும் சிலையில் தோழமையைக் காண்பவர்கள் காணட்டும்; அதில் இருக்கும் இருவரில் ஒருவர் நடுவர்மீது குறைபட்டுக்கொண்டு நின்றவர்.

1963-இன் தகராறு ஒரு மதிப்பீட்டைப் பற்றியது. எண்ணிக்கையே பிசகிய சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் ஆட்டக்காரரின் கையறுநிலை இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. டேக்கிள்களுக்கு வரம்பு கட்டும் முறை 1966-67 பருவத்தில் நான்கு என்ற எண்ணோடு தொடங்கி, 1970-களின் தொடக்கத்தில் ஆறாக உயர்ந்தது. 1978-இல் சிட்னித் தொடரின் அரையிறுதிச் சுற்றில், பாரமாட்டாவுக்கு எதிரான மறு ஆட்டத்தில், மேன்லி அணி ஏழாவது டேக்கிளில் ஒரு ட்ரை போட்டது. நடுவர் கிரெக் ஹார்ட்லி அதை அனுமதித்தார். மேன்லி அந்த ஆட்டத்தையும், அதே ஹார்ட்லி நடத்திய இறுதியாட்டத்தின் மறு ஆட்டத்தையும் வென்று அந்த ஆண்டின் பட்டத்தைக் கைப்பற்றியது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, களத்தில் இரண்டு நடுவர்களும் மைதானம் முழுக்கக் கேமராக்களும் இருந்த 2013 செப்டம்பரில், நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கு எதிரான வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில் குரோனுல்லாவின் போ ரயன் போட்ட ட்ரையும் ஏழாவது டேக்கிளில்தான் வந்தது. கவ்பாய்ஸ் 20-18 என்று தோற்று வெளியேறியது. தவறு நேர்ந்ததை நடுவர்களுக்குப் பொறுப்பானவர்கள் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். ஆறு வரை எண்ணத் தெரிந்த எவரும் சுட்டிக்காட்டியிருக்கக்கூடிய அந்தப் பிழையை, களத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திச் சொல்வதற்கு அன்று எந்த வழியும் இருக்கவில்லை.

வாயைத் திறந்தால்

வழி இல்லாத இடத்தில் குரல் எழுந்தது. குரலுக்குத் தண்டனை கிடைத்தது. மறுத்துப் பேசும் ஆட்டக்காரருக்கு எதிராக நடுவரிடம் சில ஆயுதங்கள் உண்டு: எதிரணிக்குப் பெனால்டி எனப்படும் தண்ட உதையை வழங்கலாம், ஏற்கெனவே வழங்கிய பெனால்டியின் இடத்தைப் பத்து மீட்டர் முன்தள்ளலாம், பேசியவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் 'சின் பின்'னுக்கு அனுப்பலாம், அல்லது ஆட்டத்திலிருந்தே விலக்கலாம். கடைசி ஆயுதம் அரிதாகவே எடுக்கப்படும் என்பதால் 2000 மே மாதம் சிட்னியில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' தொடரின் முதல் ஆட்டத்தில், நியூ சவுத் வேல்ஸின் ரயன் கெர்ட்லர் போட்ட ட்ரைக்கு முன்னால் பந்து கைதவறி முன்னே விழுந்ததை, அதாவது 'நாக்-ஆன்' ஆனதை, நடுவர் பில் ஹாரிகன் கவனிக்கவில்லை என்று கொதித்த குயின்ஸ்லாந்தின் கோர்டன் டாலிஸ், அவரை நேருக்கு நேராக ஏமாற்றுக்காரர் என்று அழைத்தார். ஹாரிகன் அவரைக் களத்தைவிட்டே வெளியேற்றினார். குயின்ஸ்லாந்து 20-16 என்று தோற்றது.

காவல்துறையில் பணியாற்றியவரும், 393 முதல்தர ஆட்டங்களையும் பத்து இறுதியாட்டங்களையும் நடத்தியவருமான ஹாரிகன், தம் அதிகாரத்தை மறைக்க விரும்பாத நடுவர். டாலிஸ் சுட்டிய நாக்-ஆன் நடந்ததா என்ற கேள்வியும், அவர் பயன்படுத்திய சொல்லுக்குரிய தண்டனை எது என்ற கேள்வியும் வேறுவேறு. முதலாவதில் ஆட்டக்காரர் பக்கம் நியாயம் இருக்கலாம். இரண்டாவதில் நடுவருக்கு வேறு தெரிவு இல்லை. தவறு செய்தார் என்பது ஒரு தீர்ப்பைப் பற்றிய விமர்சனம். ஏமாற்றினார் என்பதோ நடுவரின் நேர்மையையே மறுப்பது, அதை அனுமதித்துவிட்டு அடுத்த டேக்கிளுக்கு விசில் ஊத எந்த நடுவராலும் முடியாது.

உரக்கப் பேசாமலேயே தகராறு செய்யும் கலையும் இந்த ஆட்டத்தில் வளர்ந்தது. நடுவரை அணுகி விளக்கம் கேட்பது நடைமுறையில் கேப்டனுக்கு மட்டும் உரியது. அந்தச் சிறு இடைவெளியை ஓர் ஆயுதமாகவே மாற்றியவர் மெல்பர்ன் ஸ்டார்ம் அணியின் கேமரன் ஸ்மித். குரலை உயர்த்தாமல், நடுவரின் பக்கத்தில் நடந்தபடியே, எதிரணியின் அடுத்த குற்றத்தை முன்கூட்டியே நடுவரின் காதில் போட்டுவைக்கும் அவருடைய பாணியைக் கண்டு, ஆட்டத்தை நடத்துவது யார் என்று எதிரணி ரசிகர்கள் எரிச்சலோடு கேட்பது வழக்கம். 2018 மார்ச்சில், விதிகளை இறுக்கிப் பிடிக்க நடுவர்கள் முனைந்திருந்த வாரங்களில், குரோனுல்லாவுக்கு எதிராக 33 பெனால்டிகள் வழங்கப்பட்ட ஓர் ஆட்டத்தில், அதே ஸ்மித் நடுவர் மாட் செச்சினால் மறுத்துப் பேசியதற்காகச் சின் பின்னுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய நெடிய ஆட்ட வாழ்வில் அதுதான் முதல் தடவை. கேப்டனுக்குப் பேச்சுரிமை இருந்ததே தவிர, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பது அன்றைய நடுவரின் பொறுமையைப் பொறுத்ததாகவே இருந்தது என்பதற்கு அந்த மாலை எடுத்துக்காட்டு.

திரை தரும் தீர்ப்பு

காணொளி நடுவர் இங்கிலாந்தின் சூப்பர் லீக் தொடரில் 1996-இல் அறிமுகமாகி, விரைவிலேயே ஆஸ்திரேலியாவுக்கும் வந்தார். தகராறுகள் அத்தோடு ஓய்ந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு 1999 இறுதியாட்டமே பதில் சொன்னது. 107,999 பேர் கூடிய சிட்னி ஒலிம்பிக் மைதானத்தில், இடைவேளையின்போது 14-0 என்று முன்னணியில் இருந்த செயின்ட் ஜார்ஜ் இல்லாவாரா அணியை மெல்பர்ன் விரட்டிக்கொண்டிருந்த கடைசி நிமிடங்களில், மெல்பர்னின் கிரெய்க் ஸ்மித் உயரமாக உதைக்கப்பட்ட பந்தைக் கோல் கோட்டருகே பிடித்த கணத்தில் ஜேமி ஐன்ஸ்கோ அவருடைய தலையில் மோதினார், பந்து நழுவியது. குற்றம் நேராதிருந்தால் ட்ரை விழுந்திருக்கும் என்று கருதப்பட்டால் வழங்கப்படும் 'பெனால்டி ட்ரை'யைக் காணொளி மறுபார்வைக்குப் பிறகு ஹாரிகன் அறிவித்தார். சாதாரண ட்ரைக்குப் பின்னான கூடுதல் உதையை ட்ரை விழுந்த இடத்துக்கு நேராகவே எடுக்க வேண்டும். பெனால்டி ட்ரைக்கு அது கம்பங்களுக்கு நேர் எதிரே கிடைக்கிறது. மாட் கையர் அங்கிருந்து எளிதாக உதைத்த உதையால் மெல்பர்ன் 20-18 என்று பட்டம் வென்றது. தலையில் மோதியதைத் திரை ஐயமறக் காட்டியது. மோதாதிருந்தால் ஸ்மித் பந்தைத் தரையில் அழுத்தியிருப்பாரா என்பதை, நடக்காத ஒன்றைப் படமெடுக்க முடியாது என்பதால், எந்தத் திரையும் காட்டவில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளின் சீர்திருத்தங்களை விரைவாகவே கடந்துவிடலாம். ஐயத்தின் பலனை ட்ரை போட்டவருக்கு அளித்துவந்த வழக்கம் 2013-இல் கைவிடப்பட்டு, களநடுவர் முதலில் தம் முடிவைச் சொல்ல வேண்டும், போதிய சான்று இருந்தால் மட்டுமே திரைநடுவர் அதை மாற்றலாம் என்று ஆனது. 2016-இல் எல்லா மைதானங்களின் காட்சிகளையும் ஒரே இடத்தில் பார்த்துத் தீர்ப்பளிக்கும் 'பங்கர்' என்ற மையக் கூடம் சிட்னியில் தொடங்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு 2019 அக்டோபர் 6 அன்று, 8-8 என்று சமநிலையில் இருந்த இறுதியாட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களுக்குள், கான்பெரா ரெய்டர்ஸுக்கு மீண்டும் ஆறு டேக்கிள் என்று கையை உயர்த்திக் காட்டிய நடுவர் பென் கம்மின்ஸ், பக்கத்திலிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, கடைசி டேக்கிள் என்று மாற்றினார். உயர்ந்த கையைப் பார்த்திருந்த ஜாக் வைட்டன், உதைக்க வேண்டிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பிடிபட்டார், பந்து கைமாறியது, சிறிது நேரத்தில் ஜேம்ஸ் டெடெஸ்கோவின் ட்ரையால் சிட்னி ரூஸ்டர்ஸ் 14-8 என்று வென்றது. நடுவர் இறுதியாகச் சொன்னது சரி, முதலில் காட்டியதுதான் தவறு என்பதே பலரின் கணிப்பு. சரியான தீர்ப்புக்கு எதிராகவே நியாயமான குறை எழக்கூடும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் ஆட்டம் வேறில்லை.

அளந்து கொடுத்த உரிமை

கேப்டனின் சவால் என்ற விதி இந்தப் பின்னணியில் 2020-இல் வந்தது. பெனால்டி, நாக்-ஆன் போன்ற ஏதேனும் ஒரு தீர்ப்புக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால், பத்து விநாடிகளுக்குள் கேப்டன் சவால் விடலாம். எந்தத் தீர்ப்பை மறுக்கிறார் என்பதையும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பங்கர் காட்சிகளைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றினால் சவால் அணியிடமே தங்கும், தீர்ப்பு சரியே என்று கண்டால் அந்த ஆட்டம் முழுமைக்கும் பறிபோகும். நடுவரின் விருப்புரிமைக்கு விடப்பட்ட சில வகைப் பெனால்டிகளையும், பந்து முன்னோக்கி வீசப்பட்டதா என்பதையும் சவாலுக்கு உட்படுத்த முடியாது. 2008-இல் இலங்கையில் நடந்த இந்தியா - இலங்கை டெஸ்ட் தொடரில் முதன்முதலாகப் பரிசோதிக்கப்பட்ட கிரிக்கெட் மறுபரிசீலனை முறையை அறிந்த வாசகர்களுக்கு இதன் தர்க்கம் உடனே பிடிபடும். மறுப்பை முற்றிலும் தடுக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒரு விலை வைத்து, அளந்து கொடுப்பதுதான் அது.

விலை வைத்தவுடன் தகராறின் குணமே மாறிவிட்டது. முன்பு நடுவரைச் சூழ்ந்துகொண்ட ஆட்டக்காரர்கள் இப்போது தங்கள் கேப்டனைச் சூழ்கிறார்கள். பந்து என் கையில் படவில்லை என்று ஒருவர் சத்தியம் செய்கிறார்; அவரை நம்பி இருக்கும் ஒரே சவாலைச் செலவழிப்பதா என்று கேப்டன் சில விநாடிகளில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. திரையில் அவருடைய விரல்நுனியில் பந்து உரசியது பெரிதாக்கிக் காட்டப்படும்போது, கூட்டத்தின் ஏளனம் நடுவரை விட்டு அவர்மீது திரும்புகிறது. நடுவரின் கண்ணைச் சோதிக்க வந்த விதி சக வீரரின் வாய்மையைச் சோதிப்பதாக முடிந்தது, அதை வகுத்தவர்கள் எதிர்பார்த்திராத நன்மை என்றே கொள்ளத்தக்கது. மறுபுறம், ஆட்டம் முடியும் தறுவாயில் சவாலை மிச்சம் வைத்திருந்து பயனில்லை என்பதால், நம்பிக்கையே இல்லாமல், மூச்சு வாங்கிக்கொள்ளவாவது உதவட்டும் என்று அதை வீசியெறிவதும் வாடிக்கையாகியிருக்கிறது.

ஆனால் அதே 2020-இல், கொரோனா இடைவெளிக்குப் பின் மே 28 அன்று தொடர் மீண்டபோது, இன்னொரு மாற்றமும் செய்யப்பட்டது. பேச்சில் குறைவாக அடிபட்டாலும், இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அதுவே முக்கியம். 2009 முதல் களத்தில் இருந்த இரண்டு நடுவர்கள் ஒருவராகக் குறைக்கப்பட்டார்கள். டேக்கிளில் பிடித்தவர் எழாமல் தாமதிப்பது போன்ற குற்றங்களுக்கு விசில் ஊதிப் பெனால்டி தருவதை விட்டு, ஆட்டத்தை நிறுத்தாமலேயே எண்ணிக்கையைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் 'மீண்டும் ஆறு' டேக்கிள்கள் தரும் முறை வந்தது. 2021-இல் பத்து மீட்டர் பின்வாங்காத குற்றத்துக்கும் அது விரிந்தது. 2022-இல் தாக்கும் அணி தன் பக்கத்து நாற்பது மீட்டருக்குள் இருக்கும்போது மட்டும் பெனால்டி திரும்பியது. சவால் விட ஆட்டம் நின்றாக வேண்டும். 'மீண்டும் ஆறு' என்ற தீர்ப்பிலோ ஆட்டம் நிற்பதே இல்லை. எனவே, மதிப்பீட்டின் பங்கு மிக அதிகமாகவும் ஆட்டத்தின் போக்கைத் திருப்பும் வலிமை மிக்கதாகவும் உள்ள தீர்ப்புகள், மறுக்கும் உரிமை பிறந்த ஆண்டிலேயே அதன் எல்லைக்கு வெளியே போய்விட்டன. இப்படி ஆக வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை; ஆட்டத்தை வேகப்படுத்துவதே நோக்கமாக இருந்தது. விளைவு மட்டும் தெளிவு: விரல்நுனி உரசலைப் பற்றி நீதி கேட்கலாம்; அடுத்தடுத்து மூன்று தடவை எண்ணிக்கை புதுப்பிக்கப்பட்டு, ஒரு தரப்பு தொடர்ந்து தடுத்தே களைத்துப் போவதைப் பற்றிக் கேட்க வழியில்லை.

டவுன்ஸ்வில்லில் ஒரு விநாடி

சவால் விதியே சவாலுக்கு உள்ளான நாள் 2022 ஜூலை 24. குயின்ஸ்லாந்தின் வடக்கே டவுன்ஸ்வில் நகரில், புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்த வெஸ்ட்ஸ் டைகர்ஸ், வலுவான கவ்பாய்ஸ் அணியை 26-25 என்று முந்தியிருந்தது. இறுதி விநாடிகளில் கவ்பாய்ஸ் குறுகிய தூரத்துக்கு உதைத்த பந்தை டைகர்ஸ் கைப்பற்றியதும் ஆட்டம் முடிந்ததாக விசில் ஒலித்தது. வெற்றிக் கொண்டாட்டமும் தொடங்கியது. அப்போது கவ்பாய்ஸ் தரப்பு சவால் விட்டது. பந்தை நோக்கி ஓடிய கைல் ஃபெல்ட்டை டைகர்ஸின் அசு கெபாவோவா குறுக்கே நின்று மறித்தார் என்பது அவர்களின் வாதம். நடுவர் கிறிஸ் பட்லர் அதை ஏற்றுப் பங்கரிடம் அனுப்ப, பங்கரில் இருந்த ஆஷ்லி க்ளைன் மறித்தது உண்மையே என்று பெனால்டி வழங்கினார். வாலன்டைன் ஹோம்ஸ் உதைத்த இரண்டு புள்ளிகளால் கவ்பாய்ஸ் 27-26 என்று வென்றது.

டைகர்ஸ் எழுப்பிய மறுப்பு இரட்டை மறுப்பு. மறித்ததாகச் சொல்லப்பட்டது குற்றமே அல்ல என்பது ஒன்று. நடுவர் எந்தக் குற்றத்துக்காகவும் விசில் ஊதவில்லை, நேரம் முடிந்ததற்காகவே ஊதினார், ஆகவே சவால் விட அங்கே தீர்ப்பே இல்லை என்பது மற்றொன்று. பின்னதுதான் ஆழமானது. நடுவர் சொன்னதை மறுப்பதற்காக வந்த விதியைக் கொண்டு, நடுவர் சொல்லாமல் விட்டதை மறுக்க முடியுமானால், ஆட்டத்தின் எந்தக் கணமும் வழக்குக்கு உரியதாகிவிடும். லீக்கின் ஆட்டப் பிரிவுத் தலைவர் கிரஹாம் ஆன்ஸ்லி, அந்தப் பெனால்டி வழங்கப்பட்டிருக்கக் கூடாது என்று பின்னர் ஒப்புக்கொண்டார். டைகர்ஸ் கழகம் வழக்கறிஞர்களைக் கலந்தது. நீதிமன்றம் போகும் பேச்சு சில நாட்கள் அடிபட்டு, பிறகு கைவிடப்பட்டது. களத்தில் அமைதியாகத் தகராறு செய்ய ஏற்பட்ட வழியே தகராறைக் களத்தைத் தாண்டி வழக்கறிஞர் அலுவலகம்வரை இழுத்துச்சென்றது.

களத்துக்கு வெளியே எழும் மறுப்புக்கு இன்றும் தனி விலை உண்டு. 2008 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நியூசிலாந்திடம் 34-20 என்று தோற்ற ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர் ரிக்கி ஸ்டூவர்ட், மறுநாள் விடுதியில் நடுவர் க்ளைனை வசைபாடியதற்காக 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, பின்னர் பதவியையும் துறந்தார். 2021-இல் ரூஸ்டர்ஸ் பயிற்சியாளர் ட்ரென்ட் ராபின்சன், தம் அணியின் ஜோசப் மானுவை முகத்தில் தாக்கிய லட்ரெல் மிட்செல் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படாமல் சின் பின்னோடு தப்பியதைக் கடுமையாகப் பேசி, அதே தொகையைக் கட்டினார். மிட்செலுக்குப் பின்னர் ஆறு ஆட்டத் தடை விதிக்கப்பட்டதைப் பார்த்தால், ராபின்சனின் குறையில் சாரம் இருந்தது. அபராதம் அவருடைய கருத்துக்கு அல்ல, அதைச் சொன்ன தொனிக்கு என்று லீக் விளக்கக்கூடும், ஆனால் கருத்தையும் தொனியையும் பிரித்து விலைபோடும் தராசு யாரிடமும் இல்லை.

அபராதம் கட்ட வைக்க முடியாதவர்களின் மறுப்பு இதைவிடக் கொடியது. 2017 நவம்பர் 25 அன்று ஆக்லாந்தில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், 0-20 என்று பின்தங்கியிருந்த டோங்கா கடைசி நிமிடங்களில் மூன்று ட்ரைகள் போட்டு 18-20 வரை வந்து, இறுதி விநாடிகளில் ஆண்ட்ரூ ஃபிஃபிடா கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது பந்து அவர் கையைவிட்டு நழுவியது. இங்கிலாந்து வீரர் பந்தைத் தட்டிவிட்டாரா, தானாக நழுவியதா என்பதைக் காணொளி நடுவரிடம் கேட்காமலேயே நாக்-ஆன் என்று முடிவுகட்டினார் மாட் செச்சின். டோங்கா ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், மறு ஆட்டம் கேட்டுக் கையெழுத்து திரட்டினார்கள். அவை நாகரிகமான எதிர்ப்புகள். செச்சினுக்கோ கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த ஆண்டே, பருவ முடிவில் என்ஆர்எல் நடுவர் பணியை விட்டு விலகப்போவதாக அவர் அறிவித்தார். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் டோங்காவின் கேப்டன் நிச்சயம் சவால் விட்டிருப்பார். பங்கர் எப்படித் தீர்ப்பளித்திருந்தாலும், அந்தக் கோபத்தின் ஒரு பகுதியாவது நடுவரின் வீட்டு வாசலுக்குப் போகாமல் நின்றிருக்கும். சவால் விதிக்கு ஆதரவாக வைக்கத்தக்க வாதங்களில் வலுவானது, தீர்ப்புகள் எத்தனை விழுக்காடு திருத்தப்பட்டன என்ற கணக்கைக் காட்டிலும், இதுதான்.

பங்கரும் சவாலும் பிடிக்காமல் விட்ட பிழைகளுக்கு, வார இறுதி ஆட்டங்கள் முடிந்த திங்கட்கிழமைகளில் ஆன்ஸ்லி செய்தியாளர்களைச் சந்தித்துக் காட்சிகளை ஓட்டிக்காட்டி விளக்குவது பல பருவங்களுக்கு வழக்கமாக இருந்தது. பிழை ஒப்புக்கொள்ளப்படும், சம்பந்தப்பட்ட நடுவர் ஓரிரு வாரம் ஒதுக்கப்படுவார், ஆட்டத்தின் முடிவு மட்டும் மாறாது. டவுன்ஸ்வில் ஆட்டத்தின் இரண்டு போட்டிப் புள்ளிகளும் கவ்பாய்ஸிடமே நின்றன. டைகர்ஸ் அந்தப் பருவத்தை நான்கே வெற்றிகளோடு கடைசி இடத்தில் முடித்தது. அதற்கு மேலிருந்த அணிக்கு ஆறு வெற்றிகள் இருந்தபடியால், அன்று வென்றிருந்தாலும் அதன் இடம் மாறியிருக்காது.